சிவப்பு என்று பெயர் வைத்த நீலம்

திண்டிவனத்தில் மேம்பாலத்துக்குப் பக்கத்துச் சந்தில் எங்கள் கடை இருக்கிறது. முன்பக்கம் ஜெராக்ஸ், அது என் வீட்டுக்காரர் ராஜ்ஜியம். நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. அதற்கு அந்தண்டை என் கம்ப்யூட்டரும் நானும். ஆதார் அட்டைக்கு லேமினேஷன் போட வருகிறவர்கள் முன்பக்கத்தோடு போய்விடுவார்கள். என்னிடம் வருகிறவர்கள் எல்லாம் பிஎச்.டி. பண்ணுகிறவர்கள். கையில் பென்டிரைவ், கண்ணுக்குக் கீழே கருவளையம், வாயில் ஒரே வசனம்: "மேடம், அர்ஜன்ட்." அர்ஜன்ட் இல்லாத ஆராய்ச்சி ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை.

நான் எம்.எஸ்சி. கணிதம் படித்தவள். கணக்கு ஆய்வேடுகளை லேட்டக் என்கிற மென்பொருளில்தான் அடிக்க வேண்டும், இல்லையென்றால் சமன்பாடுகள் எல்லாம் கோணிக்கொண்டு நிற்கும். அது எங்கள் பக்கத்தில் நன்றாகத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அதனால் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. வாயும் உண்டு. அடிக்கிற வேலைக்கு வந்தவர்களை நான் திட்டுவது முன்பக்கம் ஜெராக்ஸ் எடுக்க நிற்கிறவர்களுக்கெல்லாம் கேட்கும். என் வீட்டுக்காரர் தடுப்புக்கு மேலே தலையை நீட்டி, "ஏ இந்தா, மெதுவா, ரோட்ல போறவன் உள்ள வந்து எட்டிப் பாக்கறான்" என்பார்.

லேட்டக்கில் நிறம் போடுவது பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் செய்த கூத்து புரியாது. அதில் மவுஸால் நிறத்தைத் தொட்டு அப்பும் வேலை கிடையாது. எல்லாம் எழுத்துதான். கோப்பின் தலைப்பகுதியில் ஒரு வரி எழுத வேண்டும்: இந்தப் பெயர் கொண்ட நிறம் இது என்று. பெயர் நம் இஷ்டம். அந்தப் பெயருக்கு எதிரே சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று மூன்று எண்கள். அவ்வளவுதான், ஒரு நிறம் பிறந்துவிட்டது. பிறகு உள்ளே எந்தப் பக்கத்தில் வேண்டுமானாலும் பெயரை மட்டும் எழுதினால் போதும். நாளைக்கு மனசு மாறித் தலைப்பகுதியில் எண்ணை மாற்றினால், இருநூறு பக்கத்திலும் அந்தப் பெயர் வருகிற இடமெல்லாம் ஒரே நொடியில் நிறம் மாறிவிடும்.

இந்த வசதி எனக்கு உயிர். மென்பொருளோடு வருகிற நிறங்களை நான் தொடமாட்டேன், அந்தப் பச்சை கண்ணைக் குத்தும். நானே கலந்து நானே பெயர் வைப்பேன். ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும், ஆனால் பெயர் நம்மூர்ப் பெயர். ஒரு வெளிர்பழுப்புக்கு மல்லாட்டைத்தோல், அதாவது வேர்க்கடலைத் தோல். கறுப்பில் கொஞ்சம் செம்மை ஓடுகிற பழுப்புக்குக் கேப்பைக்களி. விக்கிரவாண்டியில் பஸ்ஸுக்கு முன்னால் நின்ற ஒரு லாரியின் முதுகில் பார்த்த மஞ்சளுக்கு டோல்கேட். பஸ்ஸில் உட்கார்ந்து எண்களை மனசுக்குள்ளேயே போட்டுப் பார்த்துக்கொண்டு வந்து, கடைக்குள் நுழைந்ததும் கலந்தேன். ஒரு பையன் தன் ஆய்வேட்டில் கேப்பைக்களி நிறத்தில் அத்தியாயத் தலைப்பு இருக்கிறது என்று தெரியாமலே டாக்டர் பட்டம் வாங்கிப் போயிருக்கிறான்.

அந்த வாத்தியார் வந்தது ஒரு மழைக்காலத்தில். விழுப்புரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுப்பவர். நாற்பதை நெருங்குகிற வயது, என் வயதுதான். ஆறு வருஷமாகப் பகுதிநேர ஆராய்ச்சி. மல்லாட்டைச் செடியின் இலையில் துரு நோய் என்று ஒன்று வரும், ஒரு மூலையில் நாலு செடிக்கு வந்தால் வயல் முழுக்க எத்தனை நாளில் பரவும் என்பதற்குச் சமன்பாடு போட்டிருந்தார். வயலில் இறங்கிச் செடியை எண்ணியது வேறு ஆட்கள், அந்த எண்ணிக்கையை வைத்துக் கணக்குப் போட்டது இவர். மொத்தம் அறுபத்திரண்டு வரைபடங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு கோடுகள். நல்ல செடிகளின் கோடு மேலிருந்து இறங்கும், நோய் பிடித்த செடிகளின் கோடு கீழிருந்து ஏறும்.

"கலர் வேணாம் மேடம், கறுப்பு வெள்ளையிலயே போட்டுடலாமா?" என்றுதான் முதலில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, "இல்ல, வேணாம். நோய் சிவப்பு, நல்ல செடி பச்சைன்னு கைடு சொல்லிட்டாரு. அதுதான் உலகத்துக்கே பழக்கம்னு சொல்றாரு" என்றார். ஒரு கோட்டைப் புள்ளி வைத்துப் போடலாமே என்று கேட்டிருப்பேன், ஆனால் புள்ளிக் கோடு மருந்தடித்த வயல்களின் படங்களுக்கென்று ஏற்கெனவே போய்விட்டது. சரி என்று இரண்டு நிறங்களைக் கலந்தேன். பழுத்த மிளகாய்ச் சிவப்பு ஒன்று, நடவு முடிந்த பத்தாம் நாள் நாற்றின் பச்சை ஒன்று. நன்றாகத்தான் வந்தன. ஆனால் அன்றைக்குக் கரண்ட் போய்ப் போய் வந்ததில் எனக்குக் கடுப்பு. புதுசாகப் பெயர் யோசிக்கப் பொறுமையில்லாமல் ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்குப் பச்சை என்று மொட்டையாக வைத்துவிட்டேன்.

திருத்தத்துக்கு என் கடையில் ஒரு சட்டம் உண்டு. அச்செடுத்த தாள்களோடு இரண்டு பேனாக்களும் நானே கொடுப்பேன். எடுத்துவிட வேண்டியதைச் சிவப்பில் வட்டமிட வேண்டும். தடித்த எழுத்தில் வர வேண்டியதைப் பச்சையில் வட்டமிட வேண்டும். கிறுக்கி வைத்தால் வாங்கமாட்டேன். எத்தனையோ பேர் இதில் தேறியிருக்கிறார்கள். இவர் பத்து நாள் கழித்துத் தாள்களைக் கொண்டுவந்தார், நானும் வட்டங்களின்படி எடுக்க வேண்டியதை எடுத்து, தடிமனாக்க வேண்டியதைத் தடிமனாக்கி அனுப்பினேன். மறுநாளே வந்து நின்றார்.

"மேடம், தேற்றமெல்லாம் காணோம்."

பார்த்தால் நிஜமாகவே காணோம். பதினோரு தேற்றங்கள் போயிருந்தன. அவர் வேண்டாம் என்று நினைத்த அரைகுறை வாக்கியங்களெல்லாம் தடித்த எழுத்தில் தலைநிமிர்ந்து நின்றன. பழைய தாள்களை எடுத்து அவர் முன்னால் விரித்தேன். தேற்றங்களைச் சுற்றி அழகாகச் சிவப்பு வட்டம். குப்பைகளைச் சுற்றிப் பச்சை. சில பக்கங்களில் மட்டும் சரியாக இருந்தது, அது இன்னும் மோசம். மூன்று நாள் வேலை வீண். என் கோபம் எந்தக் காலத்தில் நிதானமாக வந்திருக்கிறது?

"இன்னா சார் இது? எல்கேஜி புள்ளையக் கேட்டாக்கூட சிவப்பு எது, பச்சை எதுன்னு சொல்லும். ஆறு வருஷமா ஆராய்ச்சி பண்ணிக்கினு இருக்கீங்க, கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

முன்பக்கத்தில் பேச்சு நின்றது. ஜெராக்ஸ் மிஷின் மட்டும் ஓடியது. அவர் அந்தத் தாள்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக, "தெரியலைங்க மேடம்" என்றார்.

நக்கலடிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். முகத்தைப் பார்த்ததும் அப்படி இல்லை என்று தெரிந்துவிட்டது. உட்காரச் சொன்னேன். தடுப்புக்கு மேலே முளைத்த என் வீட்டுக்காரர் தலையைப் பார்த்து முறைத்தேன், அது இறங்கிக்கொண்டது.

அவர் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார். சிவப்பும் பச்சையும் அவருக்கு வேறுவேறாகத் தெரியாது. பிறவியிலேயே. அவருடைய அப்பா ரயில்வேயில் கேட் கீப்பர், முண்டியம்பாக்கத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் ஒரு லெவல் கிராசிங்கில் சிவப்புக் கொடியும் பச்சைக் கொடியுமாக வேலை செய்து ரிட்டயர் ஆனவர். மகனும் ரயில்வேக்குத்தான் போக வேண்டும் என்பது அப்பாவின் ஒரே ஆசை. மகன் எழுத்துத் தேர்வில் பாஸ். தெருவுக்கே மைசூர்பாகு கொடுத்தாராம் அப்பா. அதற்கப்புறம் மருத்துவப் பரிசோதனை. புள்ளி புள்ளியாக அச்சடித்த ஒரு புத்தகத்தைக் காட்டி, உள்ளே என்ன எண் தெரிகிறது என்று கேட்டிருக்கிறார்கள்.

"புள்ளிதான் மேடம் தெரிஞ்சிது. எண்ணே தெரியலை. பக்கம் பக்கமா பொரட்டிக்கினே இருந்தாரு டாக்டர், நான் தெரியலை தெரியலைன்னு சொல்லிக்கினே இருந்தேன். அதுவரைக்கும் இப்படி ஒரு குறை இருக்குன்னு எனக்கே தெரியாது."

வீட்டுக்கு வந்து, எனக்கு அந்த வேலை பிடிக்கலை, மேலே படிக்கப் போறேன் என்று சொல்லிவிட்டார். ஊனம் என்று ஊர் சொல்லும், கல்யாணம் நிற்கும் என்று அந்த வயதில் பயம். அப்பாவுக்கு அது ஆறவே இல்லை. கையில் கொடுத்த வேலையைக் காலால் தள்ளியவன் என்று பதினைந்து வருஷமாகத் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

"என் வீட்டுக்காரிக்கு மட்டும்தான் தெரியும். தக்காளி வாங்க என்னை அனுப்பவே மாட்டா" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "கைடுகிட்டச் சொல்லலாமே சார்" என்றேன்.

"எப்படி மேடம்? இலைத் துருவைப் பத்தி ஆராய்ச்சி. பச்சை இலையில இருக்கிற துரு இவன் கண்ணுக்கே தெரியாதுன்னு தெரிஞ்சா? வைவாவில எக்ஸாமினர் அந்த ஒண்ணையே பிடிச்சிக்கினா? ஆறு வருஷம் மேடம்."

என் நாக்கை நானே கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. கண்ணு தெரியலையா என்று எத்தனை பேரை எத்தனை தரம் கேட்டிருப்பேன்! வாயில் வருகிற வார்த்தை, யார் மேல் விழுகிறது என்று பார்த்ததே இல்லை. மன்னிப்புக் கேட்கவும் எனக்குச் சரியாக வராது. "டீ குடிக்கிறீங்களா?" என்றேன். டீ வந்தது. நாற்காலியை என் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போடச் சொன்னேன்.

ஒரு புதுக் கோப்பைத் திறந்து, இரண்டு கட்டங்கள் போட்டேன். ஒன்றில் ஒரு நிறம், மற்றதில் ஒரு நிறம். எண்களை மாற்றிக்கொண்டே போனேன். "இது ரெண்டும்?" "ஒண்ணுதான் மேடம்." "இப்ப?" "ஒண்ணுதான்." "இப்ப?" "லேசா மாத்தம் கீற மாதிரி இருக்கு. இல்ல, இல்ல, ஒண்ணுதான்." பரீட்சை ஹாலில் உட்கார்ந்தவர்போல வியர்த்திருந்தார். தப்பான பதில் என்று ஒன்று இதில் கிடையாது சார் என்றேன். நான் நிறங்களைக் கலக்கிற நேரமெல்லாம் எனக்குப் பிடித்ததைத்தான் கலந்திருக்கிறேன், இன்னொருவர் கண்ணுக்காகக் கலந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. பச்சையை விட்டுவிட்டு ஒரு ஆரஞ்சுக்குப் போனேன். சிவப்பை விட்டுவிட்டு ஒரு அழுத்தமான நீலத்துக்குப் போனேன். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

"மேடம், இது வேற. இது வேற!" என்று நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

அந்த எண்களை எடுத்து அவருடைய ஆய்வேட்டின் தலைப்பகுதிக்குப் போனேன். சிவப்பு என்ற பெயருக்கு எதிரே நீலத்தின் எண்கள். பச்சை என்ற பெயருக்கு எதிரே ஆரஞ்சின் எண்கள். இரண்டே வரி. ஓடவிட்டேன். அறுபத்திரண்டு வரைபடங்களும் மாறிவிட்டன. பதினேழாவது படத்தை எடுத்து வைத்தேன், அதில்தான் கோடுகள் நேராக ஏறி இறங்காமல் வளைந்து திரும்பி ரொம்ப நெருக்கமாக ஓடும்.

அவர் திரைக்குப் பக்கத்தில் விரலைக் கொண்டுபோய், தொடாமல், நீலக் கோட்டின் மேலேயே நகர்த்திக்கொண்டு போனார்.

"ரெண்டும் இங்க வந்து தொட்டுக்கினு, பிரிஞ்சி, மறுபடியும் தொடுது மேடம்."

"ஆமாம் சார். நீங்க எழுதியிருக்கீங்களே."

"எழுதியிருக்கேன். கணக்குல வந்துச்சி, எழுதினேன். பார்த்ததில்லை."

தன் சொந்தப் படத்தை ஆறு வருஷம் கழித்துப் பார்க்கிறார் மனுஷன். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினேன். என் வீட்டுக்காரர் தலை மறுபடியும் தடுப்புக்கு மேலே வந்தது, இந்தத் தரம் நான் முறைக்கவில்லை.

அச்சில் எடுப்பாகத் தெரியட்டும் என்று டைப் பண்ணுகிற மேடம் நிறத்தை மாற்றிவிட்டார்கள் என்று வாத்தியார் கைடிடம் சொன்னார். பழைய பிரதியை வரிவரியாகப் படித்திருந்த கைடு, புதியதைப் புரட்டிப் பார்த்து, பளிச்சென்று இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். பைண்டு ஆனது, பல்கலைக்கழகத்துக்குப் போனது, எக்ஸாமினர்களுக்கும் போனது. சில மாதங்கள் கழித்து வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்குத் தேதி வந்தது. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்பதால் என்னையும் கூப்பிட்டார். நானும் பட்டுப்புடவைக்கு இஸ்திரி போட்டு வைத்தேன்.

வைவாவுக்கு முந்தின நாள் மத்தியானம். கல்லூரி நூலகத்துக்கென்று இன்னொரு பிரதி கேட்டிருந்ததால், கலர் பிரின்டரிலிருந்து வருகிற பக்கங்களை என் வீட்டுக்காரர் அடுக்கிக்கொண்டிருந்தார். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். ஆங்கிலம் என்றால் ஆறடி தள்ளி நிற்பார்.

"இந்தா," என்றார். "இதுல ரெட்டு ரெட்டுன்னு எழுதிக்கீது. படத்துல ரெட்டே காணோமே. ப்ளூவா கீது?"

வாங்கிப் பார்த்தேன். சிவப்புக் கோடு ஏறுகிறது, பச்சைக் கோடு இறங்குகிறது என்று ஆங்கிலத்தில் வாக்கியம். அதற்குக் கீழே நீலக் கோடும் ஆரஞ்சுக் கோடும். கம்ப்யூட்டரில் தேடினேன். நாற்பத்தேழு இடங்கள்.

நிறத்தின் எண்ணை மாற்றினால் படம் மாறும். வாத்தியார் தன் கையால் எழுதிய வாக்கியத்தில் இருக்கும் சிவப்பு என்ற சொல் எப்படி மாறும்? இது ஒரு பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்கு ஏன் தெரியாமல் போனது? என் கோப்பில் அது இன்னும் சிவப்புதான். நீலத்துக்குச் சிவப்பு என்று பெயர் வைத்து, அந்தப் பெயரையே தினமும் பார்த்து, அந்தப் பெயரையே நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவரோ, சிவப்பு என்று எழுதியிருந்தால் சிவப்பாகத்தான் இருக்கும் என்று வாழ்நாள் முழுக்க அடுத்தவர் சொல்லை நம்பியே பழகியவர். எங்கள் இரண்டு பேரைத் தவிர உலகத்தில் வேறு யாராலும் இப்படி ஒரு தப்பைப் பண்ணியிருக்க முடியாது.

போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"சார், எம்மேல போட்டுடுங்க," என்றேன். "டைப் பண்ற பொம்பளை கலரை மாத்திட்டு, எழுத்தை மாத்தாம விட்டுட்டான்னு சொல்லிடுங்க. என் தப்புதான் அது. நானே எழுந்து சொல்றேன்."

"பார்க்கலாம் மேடம்," என்றார். போனை வைக்கப் போகும்போது, "அப்பா வர்றாரு மேடம். என் வீட்டுக்காரி போய்க் கூப்பிட்டுட்டா" என்றார்.

மறுநாள் அந்தப் பட்டுப்புடவையோடு விழுப்புரம் பஸ்ஸில் ஏறினேன். கல்லூரி செமினார் ஹாலில் நாற்பது பேர் இருப்பார்கள். முன்வரிசையில் கைடும் வெளியூரிலிருந்து வந்த எக்ஸாமினரும். கடைசி வரிசையில் கதவுப் பக்கமாக வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் வாத்தியாரின் மனைவி. யார் என்று யாரும் சொல்லத் தேவையில்லை, அதே நெற்றி.

வாத்தியார் நன்றாகத்தான் பேசினார். முடிந்ததும் எக்ஸாமினர் ஆய்வேட்டைத் திறந்தார். நிறையப் பக்கங்களில் மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது.

"சமன்பாடெல்லாம் ரொம்ப நல்லா இருக்கு. ஆனா எனக்கு ஒரு சின்ன சந்தேகம். புத்தகம் பூரா சிவப்புக் கோடு, பச்சைக் கோடுன்னு எழுதியிருக்கீங்க. புத்தகம் பூரா தேடிட்டேன், சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை. உங்க படத்தை நீங்க பார்த்தீங்களா, இல்லையா?"

யாரோ சிரித்தார்கள். கைடு தன் பிரதியை அவசரமாகப் புரட்டினார், அவர் காது சிவந்துபோனது. நான் எழுந்துவிட்டேன். "சார், அது என் தப்பு. நான்தான் டைப்…" என்று ஆரம்பிப்பதற்குள் வாத்தியார் என்னைப் பார்த்து, உட்காருங்கள் என்று கையைக் காட்டினார். அப்புறம் கடைசி வரிசையைப் பார்த்தார்.

"டைப்பிங் தப்பு இல்லைங்க சார். எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியும். பொறந்ததுலேருந்து. வெளியில சொன்னதில்லை. முதல்ல சிவப்பும் பச்சையுமாத்தான் இருந்துச்சி, எனக்கு என் படமே தெரியலை. எனக்காகத்தான் அவங்க நிறத்தை மாத்தினாங்க. வார்த்தையை மாத்தணும்னு ரெண்டு பேருக்கும் தோணலை. ரயில்வே மெடிக்கல்லயும் இதனாலதான் எடுக்கலை. பிடிக்காம விட்டேன்னு வீட்ல சொன்னது பொய்."

கடைசி வாக்கியம் எக்ஸாமினருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். "பதினேழாவது படத்துல ரெண்டு கோடும் ரெண்டு தரம் தொடுது," என்றார். "கோடே தெரியாம அதை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

வாத்தியார் கரும்பலகைக்குப் போனார். சாக்பீஸை எடுத்து முதல் சமன்பாட்டிலிருந்து எழுத ஆரம்பித்தார். எதையும் பார்க்கவில்லை. பலகை நிரம்பிவிட்டது, ஓரத்தை அழித்துவிட்டு அங்கேயும் எழுதினார். கால் மணி நேரம் ஹாலில் சாக்பீஸ் சத்தம் மட்டும்தான். கடைசியில் இரண்டு விடைகள் வந்தன, இரண்டு நாட்கள், அவை இரண்டுக்கும் அடியில் கோடு போட்டார். எக்ஸாமினர் கைதட்ட ஆரம்பித்ததும் எல்லோரும் தட்டினார்கள். பட்டத்துக்குப் பரிந்துரை செய்கிறேன் என்றார். வாக்கியங்களைத் திருத்தி மறுபடியும் பைண்டு பண்ணுங்கள், நிறத்தைத் தொடாதீர்கள் என்றார். நான் அழுதுகொண்டேதான் தட்டினேன், அதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை.

திரும்பிப் பார்த்தபோது கடைசி வரிசையில் பெரியவர் இல்லை. மருமகள் மட்டும் நின்றிருந்தாள். மாலை போட்டார்கள், மிக்சரும் டீயும் கொடுத்தார்கள். வாத்தியார் கதவையே பார்த்துக்கொண்டு எல்லோருக்கும் கை கொடுத்தார். "பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு போயிருப்பாரு" என்று என்னிடம் சொன்னார். நான் கேட்கவே இல்லை.

ஒரு வாரம் கழித்துத் திருத்தத்தை எடுத்தேன், அன்றைக்குச் சாயங்காலமே வந்து வாங்கிக்கொள்வதாக வாத்தியார் சொல்லியிருந்தார். நாற்பத்தேழு இடங்களையும் ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்து மாற்றினேன், ஒரே அமுக்கில் மாற்ற எனக்குத் தைரியம் வரவில்லை. தலைப்பகுதியில் பெயர்களையும் மாற்றினேன். சிவப்பு என்று இருந்ததற்கு நோய், பச்சை என்று இருந்ததற்கு நல்லசெடி. இனி எண்களை எவன் எப்படி மாற்றினாலும் நோய் நோயாகத்தான் இருக்கும். அதை அடித்துக்கொண்டிருக்கும்போது முன்பக்கத்திலிருந்து என் வீட்டுக்காரர், "உன்னைப் பாக்கத்தான் வந்துகிறாரு" என்று ஒருவரை உள்ளே அனுப்பினார். அந்தப் பெரியவர்தான். அதே வெள்ளைச் சட்டை. கையில் ஒரு மஞ்சப்பையில் பச்சை மல்லாட்டை.

நாற்காலியைக் காட்டினேன். உட்கார்ந்தார். பையை மேஜை ஓரத்தில் வைத்தார்.

"ஏம்மா, அவன் கண்ணுக்கு எப்படித் தெரியும்னு எனக்குக் காட்ட முடியுமா?"

"அச்சு அசலா முடியாதுங்க ஐயா. கிட்டத்தட்ட காட்டலாம்."

முதலில் பழைய எண்களைப் போட்டு, கைடு கேட்ட மாதிரி மிளகாய்ச் சிவப்பும் நாற்றுப் பச்சையுமாகப் பதினேழாவது படத்தைக் காட்டினேன். "இது நமக்குத் தெரியறதுங்க." தலையை ஆட்டினார். பிறகு இரண்டு பெயர்களுக்கும் எதிரே ஒரே எண்களைப் போட்டேன், சேறு கலந்த ஒரு மஞ்சள். அன்றைக்குக் கட்டங்களை வைத்துப் பார்த்தபோது இரண்டும் இதே மாதிரிதான் இருக்கு மேடம் என்று வாத்தியார் காட்டிய நிறம். ஓடவிட்டேன்.

திரையில் ஒரே நிறத்தில் இரண்டு கோடுகள் பின்னிக்கொண்டு கிடந்தன. பெரியவர் குனிந்து, கண்ணைச் சுருக்கி, ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதுல எது நோவு வந்த செடி?"

"தெரியாதுங்க ஐயா."

அவர் பின்னால் சாய்ந்துகொண்டார். பேச ஆரம்பித்தபோது என்னைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்துத்தான் பேசினார்.

"சின்னப் புள்ளையில ரயில்வே கேட்டாண்ட என்கூட வந்து உக்காந்துகினு இருப்பான். வண்டி வர்ற நேரத்துல, ஜல்தியா ஓடிப்போய் செவப்புக் கொடி எடுத்தாடான்னா பச்சையை எடுத்தாருவான். ஒரு வாட்டி இல்லம்மா, எத்தினியோ வாட்டி. வெளையாடறான்னு நெனச்சி அந்தக் கொடிக் கம்பாலயே அடிச்சிருக்கேன். ரெண்டும் ஒரே மாதிரிதானப்பா கீதுன்னு அழுதுகினே சொல்லுவான். பொய் வேற சொல்றியாடான்னு அதுக்கும் ரெண்டு அடி."

நானும்தான் சாரைக் கேட்டேன், கண்ணு தெரியலையா என்று. அதைப் பெரியவரிடம் சொன்னேன். முன்பக்கம் மிஷின் ஓடுவது நின்றிருந்தது, என் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது.

"இப்ப அவன் புஸ்தகத்துல எப்படி கீது? அதைக் காட்டு."

நீலத்தையும் ஆரஞ்சையும் திரும்பக் கொண்டுவந்தேன். கோடுகள் பிரிந்தன. பெரியவர் விரலை நீட்டி, நீலத்தைக் காட்டி, "நோவு?" என்றார். ஆமாம் என்றேன். ஆரஞ்சைக் காட்டி, "நல்ல செடி?" என்றார். ஆமாம் என்றேன்.

"இது எனக்கும் தெரியுது. அவனுக்கும் தெரியுமில்ல?"

"தெரியுங்க ஐயா."

"நல்லா தெரியுமா?"

"நல்லா தெரியுங்க."

வேட்டித் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்ப இதே இருக்கட்டும்மா," என்றார். "எத்தினி மணிக்கு வருவான் புஸ்தகம் வாங்க? நான் இங்கயே உக்காந்துக்கறேன்."